சாமியை அடிக்கக் கூடாது

சீசன் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு, இந்தப் பையன் இன்னும் மாலையைக் கழட்டாம நிக்கிறானேன்னுதானே அக்கா பார்க்கிறீங்க? பாருங்க, பாருங்க. வந்ததுல இருந்து எல்லாரும் அதைத்தான் பார்க்கிறாங்க. சீட்டு குடுக்கிற இடத்துல ஒரு பெரியவர் கும்பிடே போட்டுட்டாரு. பங்குனி வெயில்ல கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமா ஒருத்தன் வந்து மனநல டாக்டர் ரூம் வாசல்ல நின்னா யாருக்குத்தான் கண்ணு போகாது?

அவன் என் கொழுந்தன். பேரு பூபாலன். வயசு பத்தொம்பது. ஆளு உசரமா இருக்கான்னு பார்க்காதீங்க, மனசு இந்தா என் மடியில இருக்காளே, இவளை விடச் சின்னது. இவ மிதுனா. அக்கா வளையலை இழுக்காத கண்ணு. பரவாயில்லையா? சரி, இழு.

அந்தா, சுவத்துல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டு இருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. பால் வண்டி ஓட்டுறாரு. அது தூக்கம் இல்லை அக்கா, அலுப்பு. ஆஸ்பத்திரின்னா அவருக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே பயம். அதான் கெளம்பும்போது பயம் தெளியறதுக்குக் கொஞ்சம் போட்டுக்கிட்டாரு. வாடை அடிக்குதா? இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க.

வைத்தியம் தம்பிக்குத்தான். உங்க பொண்ணு உள்ள போயிருக்கா? அப்ப வர நேரமாகும். அந்த டாக்டரம்மா ஒருத்தரை உள்ள விட்டா லேசுல வெளிய விடாது. அதுவரைக்கும் சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போறோம், சொல்றேன் கேளுங்க.

எங்க வீட்டுல யாருக்கும் ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து பார்க்கிறேன், கிடையவே கிடையாது. இவனுக்கு மட்டும் எங்க இருந்துதான் ஒட்டுச்சோ. இவரு சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா ஒரு குவாட்டர், அதுவும் உடம்பு வலிக்கு. கடைக்குப் போய் வாங்கிட்டு வர்றது தம்பி வேலை. எட்டாவது படிக்கும்போதுல இருந்தே அவன்தான் போவானாம், கடைக்காரருக்கு இவனைப் பார்த்தாலே எந்த பாட்டில்னு தெரியுமாம். அம்புட்டுப் பொறுப்பான பையன். நான் மாங்காய் ஊறுகாய் வச்சுக் குடுப்பேன். குடும்பம்னா அப்படித்தானே இருக்கணும்? அப்படி இருந்த வீட்டுலதான் அக்கா இது.

முன்னாடி இவன் வாயை மூடவே மாட்டான். பாலிடெக்னிக் போய்ட்டு வந்தா, பஸ்ல யாரு யாரை முறைச்சா, வாத்தியார் எப்படி மூக்குப்பொடி போடுவாருன்னு எல்லாத்தையும் நடிச்சே காட்டுவான். நான் தோசை சுடுறதை விட்டுட்டுச் சிரிப்பேன், தோசை கருகும், இவரு கத்துவாரு. அப்புறம் அவன் சிநேகிதன் ஜெகதீஷ்னு ஒரு பையன், வண்டியில போனவன் லாரியில அடிபட்டுச் செத்துப் போனான். அன்னிக்கு இவனும் கூடப் போயிருக்கணும். அவன் போன் பண்ணிப் பண்ணிப் பார்த்திருக்கான், இவன் தூங்கிட்டான். தூங்கினதும் நல்லதாப் போச்சு. இல்லேன்னா ரெண்டு பேருல்ல போயிருப்பாங்க? நான் அதைத்தான் அவன்கிட்ட சொன்னேன். நல்ல வேளை தூங்கினீங்க தம்பின்னேன். அதுல இருந்து எங்கிட்டயும் பேச்சைக் குறைச்சுக்கிட்டான். என்ன பண்றது? போனவன் போய்ட்டான், அது முடிஞ்ச கதை. அதை விடுங்க, நம்ம கதைக்கு வருவோம்.

காலேஜுக்குப் போகலை. குளிக்கிறதில்லை. பகல்ல படுத்தே கெடப்பான். ஒரு நாள் துணி துவைக்கும்போது பேண்ட் பாக்கெட்டுல என்னமோ தட்டுப்பட்டுச்சு. எடுத்துப் பார்த்தா குட்டிக் குட்டிப் பை. பொம்மைக்குத் தைச்ச தலகாணி மாதிரி அம்புட்டு அழகா இருக்கு. முதல்ல நான் மிதுனாவுக்கு வெளையாட வாங்கி வச்சிருக்கான்னு நெனைச்சேன் அக்கா, நானும் ஒருத்தி. மோந்து பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு, புகையிலை. இதை உதட்டுக்குள்ள ஒதுக்கி வச்சுக்கிறதாம். ஸ்கூல் பிள்ளைங்க கூட வைக்குதாம்.

அவருகிட்ட சொன்னா அடிப்பாரு. சொல்லலை. நானே வைத்தியம் பார்த்தேன். தையல் எனக்குக் கை வந்த வேலை. ஒவ்வொரு பையாப் பிரிச்சு, உள்ள இருந்ததைக் கொட்டிட்டு, வரமிளகாய்த் தூள் ஒரு சிட்டிகை வச்சு, பழையபடி நூல் தெரியாமத் தைச்சு அதே பாக்கெட்டுல போட்டுட்டேன்.

மத்தியானம் சாப்பிட வந்தான். உதடு பணியாரம் கணக்கா வீங்கியிருக்கு. கண்ணுல தண்ணி.

"என்ன தம்பி ஆச்சு?"

"குளவி கொட்டிருச்சு அண்ணி."

எந்தக் குளவி அக்கா உதட்டுக்கு உள்பக்கமாப் போய்க் கொட்டும்? நானும் விடலையே. "ஆமா தம்பி, இப்பக் குளவி சீசன்தான். வாயை மூடியே வச்சுக்கங்க"ன்னேன். அவனால என்னைக் கேட்கவும் முடியலை, மெல்லவும் முடியலை. மோர்ச்சோறாப் பெசைஞ்சு குடுத்தேன். தின்னுட்டுப் போய்ட்டான். அன்னிக்கு நான் அடுப்படியில தனியா உட்கார்ந்து சிரிச்சது அந்தப் பாத்திரங்களுக்குத்தான் தெரியும்.

ஆனா பாருங்க, மிளகாய்க்குப் பயந்து அதை விட்டான், வேற ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டான். கஞ்சாதான், அதுக்குப் பேரு இலைன்னு சொல்றாங்க. பால் வண்டிக்குள்ள உட்கார்ந்து யாரோ கூட்டாளிகளோட புகைச்சிருக்கான். மறுநாள் சொசைட்டியில பாலை மோந்து பார்த்துட்டு, "என்ன சங்கரு, மாடு புதுசா என்னமோ மேயுது போல"ன்னு கேட்டுட்டாங்க. இவருக்கு மானம் போச்சு. வீட்டுக்கு வந்து பெல்ட்டை உருவினாரு. நான் நடுவுல போய் விழுந்தேன், எனக்கும் ஒண்ணு விழுந்துச்சு. அது தெரியாம விழுந்தது, அதை விடுங்க.

அடிச்சு முடிச்சுட்டுச் சொன்னாரு, "இன்னொரு தடவை பிடிபட்டான், கையைக் காலைக் கட்டித் தூக்கிட்டுப் போய் அந்த இல்லத்துல போட்டுட்டு வந்துருவேன்."

எங்க பக்கத்துல போதையை நிறுத்த வைக்கிற இல்லம்னு ஒண்ணு இருக்கு அக்கா. போர்டுல என்னமோ அழகாத்தான் எழுதியிருக்கும். பக்கத்து ஊர்ல ஒரு பையனை அங்க விட்டாங்க. திரும்பி வந்தவன் இப்ப யாராவது கதவைச் சாத்தினாலே அலறுறான். என் மாமியார் சாகும்போது இந்தப் பையன் கையைப் பிடிச்சு என் கையில வச்சுட்டுத்தான் போனாங்க. நான் இவனை அங்க விடுவேனா? விட மாட்டேன். இவரு சொன்னா செய்ற ஆளு. இவன் பிடிபடாம இருக்கிற ஆளு இல்லை. நடுவுல நான் என்ன பண்றது?

யோசிச்சேன். கார்த்திகை பொறக்கப் போற சமயம். எங்க ஊர்ப் பூக்கடைக்காரர்தான் குருசாமி. வருஷா வருஷம் மலைக்கு வேன் கட்டிக் கூட்டிட்டுப் போவாரு. பூ வாங்கப் போனப்ப, வேன்ல ஒரு சீட்டு இன்னும் நெறையலைன்னு பொலம்பிக்கிட்டு இருந்தாரு. எனக்குப் பளிச்சுன்னு வந்துச்சு. மாலை போட்டா புகை கூடாது, புகையிலை கூடாது, ஒண்ணும் கூடாது. போட்டவன் மீற மாட்டான், மீறுனா சாமி கண்ணைக் குத்தும். "அந்த சீட்டு எங்க தம்பிக்குத்தான் குருசாமி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இவன் லேசுல ஒத்துக்குவானா? அதுக்கும் ஒரு வழி. கண்ணைத் தொடைச்சுக்கிட்டே போய் நின்னேன். "தம்பி, மிதுனாவுக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்ப நான் வேண்டிக்கிட்டேன். பிள்ளைக்குச் சரியானா சித்தப்பா மாலை போட்டு மலைக்கு வருவாருன்னு. இப்ப நீங்க போகலேன்னா…" அதுக்கு மேல சொல்லலை. முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன்.

வேண்டுதலும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் நின்ன நேரத்துல பொறந்த பொய்யி. சாமிக்குத் தெரியாதா? தெரியும். நம்ம நல்லதுக்குத்தானே சொல்றோம்னும் தெரியும்.

அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். "போட்டுக்கிறேன் அண்ணி"ன்னான். அம்புட்டுத்தான். நான் ஒரு மணி நேரம் அழறதுக்குத் தயாராப் போயிருந்தேன் அக்கா, ஏமாத்திட்டான்.

மாலை போட்டப்புறம்தான் கூத்து. முதல் பத்து நாளு படாத பாடு பட்டான். பச்சைத் தண்ணியில விடியக்காலம் குளியல். உடம்பு ஒதறும், தலைவலிங்கும், சோத்தைப் பார்த்தா கொமட்டும். தூக்கமே கிடையாது. கோவம் வந்தா தட்டைத் தூக்கி எறியணும் போல இருக்கும், ஆனா சாமி எறியலாமா? வாயை மூடிக்கிட்டு "சாமியே"ன்னு சொல்லிட்டு வெளிய போயிருவான். அந்த "சாமியே"ல அம்புட்டு கெட்ட வார்த்தை அடங்கியிருக்கும்.

ஆனா எனக்கு ஒரு விஷயம் ரொம்பப் பிடிச்சுது. மாலை போட்டவங்களை டேய்னு கூப்பிடக் கூடாதில்லையா? எங்க வீட்டுல இவனுக்குப் பேரே கிடையாது. தண்டச்சோறு, நாயி, எருமை, இந்த மூணுதான். இப்ப இவரு நாக்கைக் கடிச்சுக் கடிச்சுப் பேசுறாரு. "டே… சாமி, சாப்டீங்களா?" "ஏய் எரு… சாமி, அந்தக் கேனைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க." நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஊருல, இவனைக் கண்டா பிள்ளைங்களை உள்ள இழுத்துக்கிட்டவங்க எல்லாம் வாசல்ல வந்து "சாமி, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க"ங்கிறாங்க. பஜனைக்குப் போனா இவன் குரல்தான் மேல கேட்கும். சாயங்காலம் மிதுனாவைத் தோள்ல வச்சுக்கிட்டுத் தெருவைச் சுத்துவான். மறுபடி நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சான், குருசாமி பூவை அளக்கும்போது முழத்தை எப்படிச் சுருக்குவாருன்னு. தோசை கருகுச்சு.

கஷ்டம் எல்லாம் எங்க வீட்டுக்காரருக்குத்தான், பாவம். மாலை போட்ட வீட்டுல பாட்டில் வரக் கூடாது. தம்பியைக் கடைக்கு அனுப்பவும் முடியாது. சாமி போய் அந்தக் கடையில நின்னா ஊரு சிரிக்காதா? வெளியவே குடிச்சுட்டு, வீட்டுக்குள்ள வர பயந்துக்கிட்டு, பால் வண்டிக்குள்ள கேனோட கேனாப் படுத்துக் கெடப்பாரு. காலையில எந்திரிச்சா கை நடுங்கும். ரெண்டு மடக்கு உள்ள போனாத்தான் வண்டிச் சாவி ஓட்டையில நொழையும். ஒழைக்கிற உடம்பு அக்கா, அப்படித்தான் இருக்கும்.

ஒரு நாள் அந்த எரிச்சல்ல இருந்தாரு. தம்பி பால் அளவை என்னமோ மாத்திச் சொல்லிட்டான். இவரு கையை ஓங்கிட்டாரு. நான் அடுப்படியில இருந்து ஓடி வர்றேன். ஓங்கின கை மேலயே நிக்குது. மாலை கண்ணுல பட்டிருச்சு. சாமியை அடிக்கக் கூடாதுல்ல? ஓங்கின கையைக் கீழ எறக்கவும் முடியலை, அடிக்கவும் முடியலை. என்ன பண்ணாருங்கிறீங்க? இன்னொரு கையையும் மேல தூக்கி, ஒரு கும்பிடு போட்டுட்டு, வண்டியைப் பார்க்கப் போய்ட்டாரு. தம்பி மாலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கிட்டான். அம்மா நகையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

மலைக்குப் போய்ட்டு வந்தான். தாய் இல்லாத பையனுக்கு அண்ணிதானே மாலையைக் கழட்டணும்? தேங்காய் எல்லாம் எடுத்து வச்சுட்டுக் கூப்பிட்டேன். "இப்ப வேணாம் அண்ணி"ன்னுட்டான். குருசாமி வந்து, "இறங்கி வந்தாக் கழட்டணும் சாமி, அதுதான் முறை"ன்னாரு. "இருக்கட்டும் சாமி"ன்னான். தை போச்சு, மாசி போச்சு. வீட்டுல கறிக்குழம்பு வைக்க முடியலை. எனக்கே ஒரு மீன் தலையைப் பார்க்க மாட்டோமான்னு ஆயிருச்சு. தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன், ஏன் தம்பி இப்படின்னு.

"கழட்டினா நான் யாரு அண்ணி?"ங்கிறான்.

"நீங்க பூபாலன்தான், வேற யாரு?"

வேற ஒண்ணு சொன்னான். "பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப நான்தானே உங்களை வண்டியில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வழி பூராவும் வண்டியை வேகமா ஓட்டச் சொல்லித்தான் கத்துனீங்க. எந்தச் சாமியையும் கூப்பிடலை. ஆனா நல்ல பொய் அண்ணி. அந்த மாதிரி ஒண்ணு சொல்ல எனக்கும் வரணும்."

எனக்கு வெக்கமாப் போச்சு. ஆனாலும் பாருங்க, தெரிஞ்சேதான் போட்டிருக்கான். பிள்ளைக்கு நல்ல மனசு.

மாலை இருந்தும் தூக்கம் மட்டும் வரவே இல்லை. மிதுனாவுக்கு ஊசி போட வர்ற நர்ஸம்மா இவனைப் பார்த்துட்டு எல்லாத்தையும் கேட்டாங்க. "மாலையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே டாக்டர் இருக்காங்க, காசு கெடையாது, அடி கெடையாது"ன்னாங்க. அப்படித்தான் இங்க வந்தோம். முதல் தடவை நானும் உள்ள போனேன். டாக்டரம்மா என்னை விடச் சின்னதா இருக்கும் போல. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. "ராத்திரி தூக்கம் வருதா தம்பி?"ன்னு கேட்டுச்சு. அம்புட்டுத்தான் கேட்டுச்சு. இவன் பொலபொலன்னு அழுதுட்டான். தூக்கம் வருதான்னு கேட்டா யாராச்சும் அழுவாங்களா அக்கா? "தூங்கினதாலதானே அவன் செத்தான்"ங்கிறான். நான் அது என்னமோ முடிஞ்ச கதைன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கேன், இவன் அதுக்குள்ளேயே குடி இருந்திருக்கான்.

அப்புறம் என்னைப் பார்த்து, "வீட்டுல வேற யாரும் குடிக்கிறாங்களா?"ன்னுச்சு. "அய்யோ, யாருமே கிடையாது மேடம்"னேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். எதுக்கு அப்படிப் பார்த்தான்னு இன்னி வரைக்கும் வெளங்கலை. நான் என்ன பொய்யா சொன்னேன்?

ரெண்டு, மூணு தடவை வந்துட்டான். மாத்திரை சாப்பிடுறான், தூங்குறான், காலேஜ்ல போய் மறுபடி சேர்றதைப் பத்தி விசாரிச்சுட்டு வந்திருக்கான். போன வாரம் இவரு முன்னாடி வந்து நின்னு சொல்றான், "அண்ணே, மாலையைக் கழட்டிடுறேன். உங்க கையாலதான் கழட்டணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே. மாலை எறங்கினா வீட்டுக்குள்ள பாட்டில் ஏறலாமில்லையா? "அம்புட்டுத்தானா? இதை மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே சாமி"ன்னாரு. பால் வண்டிக்கு வேற ஆளு போட்டுட்டு வந்துட்டாரு. தம்பிக்கு உள்ளுக்குள்ள பயம் அக்கா. மாலையில்லாம இருக்கப் போறோம்னு. அண்ணன் பக்கத்துல இருந்தா தெம்பா இருக்கும்னு கூப்பிட்டிருக்கான். எனக்கும் அதே பயம்தான். மாலை போனதும் இவரு டேய்னு ஆரம்பிச்சா, கை ஓங்கினா, இவன் மறுபடி எங்க போய் நிப்பானோ. அப்புறம் அந்த இல்லம். அதை நெனைச்சா எனக்கு நேத்து சோறு எறங்கலை.

சீட்டுக்கு என்னை நிக்க விடலை. "நீங்க பாப்பாவோட உட்காருங்க அண்ணி, நான் போடுறேன்"னு அவனே வரிசையில நின்னு வாங்கிட்டு வந்தான்.

அந்தா கதவு தொறக்குது. உங்க பொண்ணுதானே? மொகம் தெளிவா இருக்கு அக்கா. வாம்மா, உட்காரு. இவளைக் கொஞ்சம் பிடிங்க, எங்களைத்தான் கூப்பிடுவாங்க.

யாரைக் கூப்பிடுறாங்க? சங்கரபாண்டியா?

அது எங்க வீட்டுக்காரரு பேருல்ல? பூபாலன்னுல்ல கூப்பிடணும். சீட்டுல பேரை மாத்திட்டாங்க போல. இருங்க, போய்ச் சொல்லிட்டு… தம்பி ஏன் அக்கா அவரு கையைப் பிடிச்சு எழுப்புறான்? காதுல என்னமோ சொல்றான். இவரு முழிக்கிறாரு. இப்பக் கத்தப் போறாரு பாருங்க, ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கப் போகுது.

கத்தலை.

கை நடுங்குது, இங்க இருந்தே தெரியுது. தம்பி அதை விடாமப் பிடிச்சிருக்கான். ஊசி போட வந்தா மிதுனா ஒரு பார்வை பார்ப்பா என்னை, அப்படியே பார்க்கிறாரு. வைத்தியம் எனக்கில்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய் இருக்குல்ல? சொல்ல மாட்டேங்கிறாரே. போறாரே அக்கா. உள்ள போய்ட்டாரே.

இந்தப் பயல் எங்கிட்டயே படிச்சுட்டு எனக்கே தெரியாம…

கதவைச் சாத்திட்டாங்க.

நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. பேரு மாறிப் போச்சுன்னு நீங்களும் யாருகிட்டயும் சொல்லிறாதீங்க அக்கா. பிள்ளையைக் குடுங்க. எம்புட்டு நேரமானாலும் இருந்து கூட்டிட்டுத்தான் போகணும்.